கல் சொன்னதும் நாம் சொன்னதும்

உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ஒரு நாள் காலை சுவரோரமாக நின்று கல்வெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வந்த ஒருவர் சற்றுத் தயங்கிவிட்டு அருகில் வந்தார். "சார், நந்தினி பேரு இதுல எந்த இடத்துல வருது?" என்று கேட்டார். மூன்று பேருந்து மாறி வந்திருக்கிறார்கள். நந்தினி கல்கி படைத்த பாத்திரம், கல்வெட்டில் அந்தப் பெயர் கிடையாது என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "அப்போ ரவிதாசன்?" என்றார். அந்தப் பெயர் இருக்கிறது என்றேன். உடனே பிள்ளைகளைக் கூப்பிட்டு, "இங்க வாங்கடா, ரவிதாசன் நெசமாவே இருந்தானாம்" என்றார். அதன்பின் அரை மணி நேரம் கேள்விகள். எப்போது வெட்டியது இது? ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களுக்கு என்ன தண்டனை? கடம்பூர் மாளிகை எங்கே? வந்தியத்தேவன் பெயரும் எங்காவது உண்டா? எல்லாமே 'பொன்னியின் செல்வன்' நாவல் கிளப்பிவிட்ட கேள்விகள். நாவலுக்குள் ஒன்றுக்கும் பதில் இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

வரலாற்று நாவல் எழுதுகிறவர் நாவலுக்கு வெளியே வரலாற்றையும் எழுத வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு அந்த அரை மணி நேரம்தான் காரணம். நம்மை நம்பி ஒருவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோயில் வரை வந்துவிடுகிறார். அங்கே வந்து நின்ற பிறகு, எது கல்லில் இருப்பது, எது நாம் சேர்த்தது என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வாராவாரம் வந்தது. முடிந்த கையோடு, வாசகர்கள் கேட்டு எழுதிய கேள்விகளுக்காகக் கல்கி ஒரு முடிவுரையும் எழுதினார். கதை முடிந்ததும் வாசகரிடம் நேராகப் பேச வேண்டியிருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இன்னொரு காரணம் எழுதுகிறவரின் சொந்த லாபம். நாவலில் தெரியாத இடத்தைத் தாண்டிப் போய்விடலாம். "அரண்மனையில் விளக்குகள் எரிந்தன" என்று எழுதினால் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. கட்டுரையில் அதையே எழுதும்போது எந்த எண்ணெய், யார் ஊற்றினார்கள், அந்தச் செலவு எந்தக் கணக்கில் வந்தது என்ற கேள்விகள் வந்து நிற்கும். சோழர் காலக் கோயில்களில் ஒரு நந்தாவிளக்குக்காக ஆடுகளை விட்டுவைத்த செய்தி நூற்றுக்கணக்கான கல்வெட்டுகளில் இருக்கிறது. பெரும்பாலும் 96 ஆடுகள். அந்த ஆடுகளின் நெய்தான் விளக்கு. இது தெரிந்த பிறகு உங்கள் நாவலில் ஒரு விளக்கு எரிந்தால், அதற்குப் பின்னால் ஒரு இடையரும் அவருடைய மந்தையும் நிற்பார்கள். கட்டுரைக்காகத் தேடியதுதான் நாவலுக்குள் இப்படிப் போய்ச் சேரும்.

எதை எழுதுவது

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் "சோழர் வரலாறு: ஒரு பார்வை" என்று ஆரம்பிக்கிறார்கள். விசயாலயன் தஞ்சையைப் பிடித்ததிலிருந்து வரிசையாக அரசர்கள், ஆண்டுகள், போர்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். நீலகண்ட சாஸ்திரியாரும் சதாசிவப் பண்டாரத்தாரும் ஆயுளைச் செலவிட்டுச் செய்த வேலை அது. அதன் சுருக்கத்தை உங்களிடமிருந்து யாரும் எதிர்பார்க்கவில்லை. நாவலாசிரியரிடம் வேறொரு சொத்து இருக்கிறது. ஒரு காட்சியை எழுத உட்கார்ந்தபோது, அதில் ஒரு சின்ன விஷயம் தெரியாமல் போய், அதைத் தேடி அலைந்த கதை அது. அதை ஆய்வாளர் எழுத மாட்டார், உங்களால்தான் முடியும்.

நான் எழுதிய ஒரு காட்சியில் பத்தாம் நூற்றாண்டுப் படைவீடு ஒன்றில் ஒருவர் குழம்பு தாளிப்பார். மிளகாயைக் கிள்ளிப் போட வைத்துவிட்டேன். அச்சுக்குப் போகுமுன் மெய்ப்புப் பார்த்த நண்பர் அந்த வரியைச் சுழித்துவிட்டு, ஓரத்தில் "1498" என்று மட்டும் எழுதியிருந்தார். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த ஆண்டு. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியர் கடல்வழி வந்த பிறகுதான் நம் அடுப்புக்கு வந்தது. தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, கொய்யா, பப்பாளி, அன்னாசி, மக்காச்சோளம் எல்லாமே அந்தக் கண்டத்திலிருந்து வந்தவை. மாலையில் தொடுக்கும் துலுக்கச் சாமந்தியும் அப்படித்தான். அப்படியென்றால் இராசராசன் காலத்துச் சமையலில் காரம் எது? மிளகு, இஞ்சி. புதிதாக வந்த காய்க்கு நம்மவர்கள் பெயர் வைத்தபோது, நாக்கு ஏற்கெனவே அறிந்திருந்த மிளகைத்தான் துணைக்கு அழைத்தார்கள். 'மிளகாய்' என்ற சொல்லுக்குள்ளேயே அந்தப் பழைய காரம் உட்கார்ந்திருக்கிறது. அடித்த அந்த ஒரு வரியிலிருந்து எனக்கு ஒரு முழுக் கட்டுரை கிடைத்தது. நாவலைப் படிக்காதவர்களும் அதைப் படித்தார்கள்.

நாவலில் இடம் கிடைக்காமல் ஒதுக்கியவை, திருத்தும்போது அடித்தவை, ஒரு பெயர், ஒரு அளவை, ஒரு ஊர் ஆகியவைதான் கட்டுரைக்கான கருக்கள். ஒரு கட்டுரைக்கு ஒரு கரு போதும்.

நோட்டுப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள்

வேலை தொடங்கும் முன்பே ஒரு பழக்கம் வேண்டும். விரித்த நோட்டின் இடப்பக்கத்தில் சான்று சொல்வது மட்டும். எந்த ஊர், எந்தக் கோயில், எந்த அரசனின் எந்த ஆட்சியாண்டு, எந்தத் தொகுதியில் எந்தப் பக்கம். வலப்பக்கத்தில் அதை வைத்து நாம் நினைத்தது, ஊகித்தது, கதைக்காகச் சேர்த்தது. இதை முதல் நாளிலேயே செய்யாவிட்டால் பின்னால் செய்ய முடியாது. ஒரு பாத்திரத்தோடு மூன்று ஆண்டு வாழ்ந்துவிட்டால், அவர் சொன்னதாக நாமே எழுதிய வசனம் எங்கோ படித்த செய்திபோல் நினைவில் பதிந்துவிடும். இரண்டாவது நாவல் எழுதும்போது முதல் நாவலில் நாம் கட்டிவிட்டதையே ஆதாரமாக எடுத்துக்கொள்கிற ஆபத்து உண்மையானது. எத்தனையோ நல்ல எழுத்தாளர்களுக்கு இது நடந்திருக்கிறது.

உடையார்குடிக் கல்வெட்டு: ஒரு கட்டுரை உருவாகும் விதம்

விதிகளாகச் சொல்வதைவிட ஒரே ஒரு சான்றை எடுத்துக்கொண்டு முழுவதும் நடந்து பார்ப்பது நல்லது. தமிழ் வாசகர் அதிகம் கேள்விப்பட்டதும், அதிகம் தவறாகச் சொல்லப்படுவதுமான உடையார்குடிக் கல்வெட்டையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் இடப்பக்கம். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டு. அவர் பட்டமேறியது 985 என்பதால் இது 986-987 அளவில் வரும். வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் அனுப்பிய ஆணை. பாண்டியன் தலைகொண்ட கரிகாலனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சில பெயர்களைச் சொல்கிறது: சோமன், அவர் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், அவர் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராசன், மலையனூரான். இவர்களுடைய, இவர்களின் உறவினர்களுடைய உடைமைகளைக் கைப்பற்றுவது பற்றியும், அந்த வேலையைக் கண்காணிக்க இருவரை அனுப்புவது பற்றியும் பேசுகிறது. ஒருவர் கொட்டையூரைச் சேர்ந்தவர், மற்றவர் புள்ளமங்கலத்துச் சந்திரசேகர பட்டன். கைமாறிய நிலத்தை ஒருவர் வாங்கிக் கோயிலில் அறத்துக்கு எழுதிவைத்த செய்தியும் அதே கல்வெட்டில் தொடர்கிறது.

இடப்பக்கம் இவ்வளவுதான். இதைச் சுத்தமாக எழுதி முடித்த பிறகு ஒரு வேலை செய்யுங்கள். கல்வெட்டில் இல்லாதவற்றை எழுதுங்கள். கொலை எங்கே நடந்தது என்று இல்லை. எப்போது என்று இல்லை. ஏன், எப்படி, யார் தூண்டினார்கள் என்று இல்லை. கொன்றவர்களுக்கு உயிர்த்தண்டனை கொடுக்கப்பட்டதா, அந்த நேரத்தில் அவர்கள் உயிரோடு இருந்தார்களா என்பதும் இல்லை. ஆணை முழுவதும் சொத்தைப் பற்றியது. மேடைகளில் "இராசராசன் தன் இரண்டாம் ஆண்டில் கொலையாளிகளைத் தண்டித்தான்" என்று முழங்கும்போது, கல்லில் இல்லாத ஒரு காட்சியைத்தான் கேட்பவர் மனத்தில் ஓட்டுகிறார்கள். இந்த 'இல்லை'ப் பட்டியல்தான் உங்கள் கட்டுரையின் முதுகெலும்பு. நாவலாசிரியருக்கு இது இரட்டிப்புப் பயன். அந்த 'இல்லை' ஒவ்வொன்றும் நாவல் நுழையக்கூடிய வாசல்.

அடுத்து, காலத்தைக் கணக்கிடுங்கள். கல்வெட்டுக்கு மேலே இருக்கும் ஆண்டு ஆணையின் ஆண்டு. கொலையின் ஆண்டு அன்று. இராசராசனுக்கு முன் உத்தம சோழன் ஏறத்தாழ 970இலிருந்து 985 வரை ஆண்டார். கல்வெட்டு கரிகாலன் என்று குறிக்கும், இராசராசனின் அண்ணன் ஆதித்தன் இறந்தது அதற்கு முன். ஆக, கொலைக்கும் இந்த ஆணைக்கும் நடுவே பதினைந்து ஆண்டுக்குக் குறையாத இடைவெளி. ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்க்கும்போது இந்த இடைவெளி கண்ணில் அறையும். அறிஞர்கள் மோதிக்கொண்ட இடமும் இதுதான். உத்தம சோழருக்கு இந்தச் சதியில் பங்கிருக்க வேண்டும் என்ற ஐயத்தை நீலகண்ட சாஸ்திரியார் எழுப்பினார். சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். இருவர் பார்த்ததும் ஒரே கல்தான். கட்டுரையில் இரண்டையும் சொல்லுங்கள். உங்கள் நாவல் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். "நான் இந்தக் கருத்தைக் கதைக்காக எடுத்துக்கொண்டேன்" என்ற ஒரு வாக்கியத்தால் உங்கள் மதிப்புக் குறையாது.

பிறகு அதே நிகழ்ச்சியை வேறு சான்றில் தேடுங்கள். முதலாம் இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு, ஆதித்தன் வானுலகம் போன பின் குடிகள் அருள்மொழியை, அதாவது இராசராசனை, அரசேற வேண்டினார்கள் என்றும், சிற்றப்பனான உத்தம சோழருக்கு ஆசை இருக்கும்வரை தனக்கு அரியணை வேண்டாம் என்று அவர் இருந்துவிட்டார் என்றும் கூறுகிறது. கதைக்காரருக்கு இதைவிட அழகான காட்சி கிடைக்குமா? கிடைக்காது. அதனால்தான் நிதானம் வேண்டும். அந்தப் பகுதி வடமொழிச் செய்யுள். மகனின் அவையில், தந்தையின் பெருமையைப் பாடுவதற்காக, நிகழ்ந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து எழுதப்பட்டது. ஊர்ச்சபைக்குப் போன சொத்து ஆணையும் அரச பரம்பரையைப் புகழும் செய்யுளும் ஒரே எடைக்கல்லில் நிற்காது. கொலை என்ற சொல்லைச் செப்பேடு ஏன் தவிர்த்தது என்று வாசகரோடு சேர்ந்து யோசிக்கலாம், விடை இன்னது என்று முடித்துவைக்க வேண்டாம்.

இனிப் பெயர்கள். எனக்கு இந்தக் கல்வெட்டில் மிகவும் பிடித்த இடம் இது. கல்கியின் ரவிதாசன் மந்திரவாதி, காட்டில் ஆந்தைபோலக் குரல் கொடுப்பவன். கல்வெட்டின் ரவிதாசன் பட்டப்பெயர் பெற்றவர். பிரமாதிராசன் என்பது சோழர் ஆட்சியில் அந்தணர் குலத்து உயர் அதிகாரிகளுக்குத் தரப்பட்ட பட்டம். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல். தம்பிக்கோ இருமுடிச்சோழன் என்ற சோழப் பெயரோடு பட்டம். ஒரே வீட்டில் ஒருவர் பெயரில் பாண்டியன், இன்னொருவர் பெயரில் சோழன்! பாண்டியன் பெயர் ஒட்டிய பட்டத்தை அவருக்கு யார் கொடுத்திருப்பார்கள்? பாண்டியன் பக்கம் இருந்த உறவின் அடையாளமா, பாண்டி நாட்டை வென்ற சோழர்கள் தங்கள் அதிகாரிக்குச் சூட்டியதா? இரண்டுக்கும் இடம் இருக்கிறது. மந்திரவாதியைப் பார்த்துப் பழகிய வாசகருக்கு, அரண்மனைக்குள் புழங்கியிருக்கக்கூடிய ஓர் அதிகாரியை நீங்கள் அறிமுகம் செய்கிறீர்கள். கல்கியைக் குறைத்துப் பேச வேண்டிய தேவையே இல்லை. அவருக்குக் கதையில் அச்சமூட்டும் ஒரு உருவம் தேவைப்பட்டது, படைத்தார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் நேரத்தில் ரவிதாசனைப் பற்றிப் பேசும் பாட்டிகள் இன்றும் இருக்கிறார்கள் என்றால் அது அவர் எழுத்தின் பலம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இதே கல்வெட்டை எடுத்துவைத்துச் சாதிச் சண்டை போடுகிறவர்கள் உண்டு. உங்கள் கட்டுரை வெளிவந்ததும் அதில் பாதி வாக்கியத்தை வெட்டிக்கொண்டு போவார்கள். அதற்குப் பயந்து விட்டுவிடவும் வேண்டாம், தீனி போடவும் வேண்டாம். கல்வெட்டை முழுவதும் சொல்லுங்கள், அது போதும். கொன்றவர்களின் பட்டம் அந்தணர் பட்டம். ஆணையைப் பெற்ற சதுர்வேதிமங்கலத்துச் சபையும் அந்தணர் சபை. கண்காணிக்க அனுப்பியவர்களில் ஒருவர் பட்டன். முழுவதையும் படித்தவருக்கு ஒரு சமூகத்தின் மேல் பழிபோடும் ஆவணமாக அது தெரியாது, ஆட்சி நடந்த விதத்தைக் காட்டும் ஆவணமாகத்தான் தெரியும்.

கடைசியாக ஊர். வீரநாராயணன் என்பது முதலாம் பராந்தகனின் பெயர்களில் ஒன்று. ஊருக்கும் ஏரிக்கும் அந்தப் பெயர்தான். அந்த வீரநாராயண ஏரியே இன்றைய வீராணம். கல்கி தன் கதையை ஓர் ஆடிப்பெருக்கு நாளில் அந்த ஏரிக்கரையில்தான் தொடங்குகிறார். ஆதித்தனின் கொலையைப் பற்றி நமக்குக் கிடைத்த கல்லும் அந்த ஏரியின் பக்கத்திலேயே இருக்கிறது. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகளும் இந்த ஊர்க்காரர். சென்னையில் குழாயைத் திறக்கிற பலர் இந்த ஏரித் தண்ணீரைக் குடிக்கிறார்கள். ஊரை இப்படிக் காட்டிய பிறகு, வாசகர் அந்தக் கல்வெட்டை எங்கோ நடந்ததாக நினைக்க மாட்டார்.

எல்லாம் சேர்ந்துவிட்டது. எங்கே தொடங்குவது? ஆதித்தனின் தந்தை சுந்தர சோழரின் வம்சாவளியில் தொடங்காதீர்கள். பதினைந்து ஆண்டு பழைய கொலை ஒன்றுக்காக ஒரு ஊர்ச்சபைக்கு நிலம் பற்றிய கடிதம் வருகிறது, அங்கே தொடங்குங்கள். யார், ஏன், இத்தனை நாள் கழித்து எதற்கு என்று வாசகர் தாமாகவே கேட்டுக்கொண்டு வருவார். அவர் கேட்கும் வரிசையில் பதில் சொல்லிக்கொண்டு போங்கள்.

சான்று குறைவும் சான்று மிகுதியும்

வந்தியத்தேவனைப் பற்றிக் கேட்டவருக்கு நான் சொன்ன பதில் ஒரே வரி. தஞ்சைப் பெரிய கோயிலில், குந்தவைப் பிராட்டியார் கொடுத்த கொடைகளைச் சொல்லும் இடத்தில் அவர் வல்லவரையர் வந்தியத்தேவரின் மகாதேவியார் என்று குறிக்கப்படுகிறார். அந்த ஒரு குறிப்பிலிருந்து கல்கி ஐந்து பாகத்துக்குக் குதிரை ஓட்டினார். இப்படிப்பட்ட ஒற்றைக் குறிப்புகளைப் பற்றிய கட்டுரை சிறியதாகவே இருக்கட்டும். நானூறு சொல்லில் முடிவதை ஊதிப் பெரிதாக்கினால், ஊதிய இடமெல்லாம் கற்பனை புகுந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான சிக்கல் பதினெட்டாம் நூற்றாண்டை எழுதுகிறவர்களுக்கு. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் தலைமைத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தினப்படி எழுதிவந்தார். யார் வந்தார்கள், என்ன விலை, யாருக்கு என்ன மரியாதை, எந்தக் கப்பல், எந்த வதந்தி என்று எல்லாம் இருக்கிறது. பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' நாவல்களை அந்த நாட்குறிப்பின் உலகத்திலிருந்து எழுதினார். இரண்டாவது நாவலுக்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நாட்குறிப்பு கிடைத்துவிட்டால் உண்மை கிடைத்துவிட்டது என்று தோன்றும். பிள்ளை வணிகர், பதவியில் இருந்தவர், போட்டியாளர்கள் உள்ளவர். துய்ப்ளேக்சின் மனைவி ழானைப் பற்றி அவர் எழுதியதில் கசப்பு வழிகிறது. அந்தக் கசப்புக்கு நியாயமும் இருந்திருக்கலாம். 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை அவர் வேதனையோடு பதிந்திருக்கிறார், அந்த அம்மையாரின் பங்கையும் சொல்கிறார். ஆனால் அம்மையார் தம் பக்கத்தைத் தினப்படி எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்தவரின் குரல் மட்டும்தான் நமக்குக் கேட்கிறது. கட்டுரையில் "ழான் கொடியவர்" என்று எழுதுவதற்கும் "பிள்ளையின் கண்ணுக்கு ழான் இப்படித் தெரிந்தார்" என்று எழுதுவதற்கும் உள்ள தூரத்தைக் கடக்க நான்கு சொற்கள் போதும். அந்த நான்கு சொற்களை ஒருபோதும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பிள்ளை 1761 சனவரி 12இல் இறந்தார். நான்கு நாளில், 16ஆம் தேதி, புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. நாவலாசிரியர் இட்டுக்கட்டியிருந்தால் "இது நம்பும்படி இல்லை" என்று பதிப்பாசிரியர் திருப்பியிருப்பார். நடந்தது என்ற உறுதியோடு கட்டுரையில் சொல்லும்போது வாசகர் மூச்சை இழுத்துப் பிடிப்பார்.

உறுதியின் அளவைச் சொல்லும் சொற்கள்

தமிழில் இதற்கு நல்ல வசதி இருக்கிறது. "கொன்றார்கள்", "கொன்றதாகக் கல்வெட்டு கூறுகிறது", "கொன்றிருக்கலாம்", "கொன்றார்கள் போலும்" என்று வினைமுற்றை மாற்றினாலே உறுதியின் அளவு மாறிவிடும். "சொல்லப்படுகிறது" என்ற சொல்லை மட்டும் கையாளாதீர்கள். யார் சொன்னது என்பதை மறைப்பதற்கென்றே அது பயன்படுகிறது. சொன்னவர் பெயரைச் சொல்லுங்கள், இல்லையென்றால் செய்தியை விட்டுவிடுங்கள். கர்ண பரம்பரைக் கதை என்றால் "இந்த ஊரில் வழங்கும் கதை" என்று ஊரின் பெயரோடு சொல்லலாம். ஊர்க் கதைக்கும் தனி மதிப்பு உண்டு.

அளவைகளில் அவசரம் கூடாது. ஒரு வேலி இருபது மா. இதை உடனே ஏக்கராக்கிவிடத் தோன்றும். நிலம் அளந்த கோலின் நீளம் ஊருக்கு ஊர் மாறியது, பன்னிரு சாண் கோலும் உண்டு, பதினாறு சாண் கோலும் உண்டு. எனவே வேலியை வேலியாகவே விட்டுவிட்டு, இன்றைய கணக்கில் ஏறத்தாழ எவ்வளவு என்று ஒருமுறை சொல்லுங்கள், போதும். நேரத்துக்கு நாழிகை 24 நிமிடம் என்ற கணக்கு சிக்கலில்லாதது.

கல்வெட்டைப் படிக்கப் போகும்போது

நாமே கல்லைப் பார்க்காமல் எழுதிய கட்டுரையை வாசகர் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார். போய்ப் பாருங்கள். போகும் முன் அச்சில் வந்த பாடத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் 1890 முதல் வந்துகொண்டிருக்கின்றன, இரண்டாம் தொகுதியில் பெரும்பகுதி தஞ்சைப் பெரிய கோயில்தான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் நிறையவே கிடைக்கின்றன. தஞ்சையிலிருந்து வரும் 'ஆவணம்' இதழில் புதிதாகக் கண்ட கல்வெட்டுகள் வெளியாகின்றன.

காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை சாய்ந்த பிறகு போவது நல்லது. உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போதுதான் வெட்டிய பள்ளம் நிழல் கட்டி எழுந்து நிற்கும். இருட்டான பிராகாரம் என்றால் கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். சுண்ணக்கட்டி, மாவு, எண்ணெய் எதையும் தடவக் கூடாது. பார்த்தவர் ஒவ்வொருவரும் தடவினால் சுவர் என்ன ஆகும்? திருப்பணியின்போது மணல்வீச்சு அடித்து எழுத்தை இழந்த சுவர்களை நான் பார்த்திருக்கிறேன். வழுவழுவென்று இருக்கும். அதைப் பார்த்தால் வயிறு எரியும். ஆயிரம் ஆண்டு மழைக்கும் வெயிலுக்கும் தப்பிய எழுத்து ஒரே பகலில் போய்விட்டது.

அந்தக் காலக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் இராது. நடுநடுவே கிரந்த எழுத்து வரும். எனவே ஒரே சொல்லை இரண்டு விதமாகப் படிக்க இடமுண்டு. பதிப்பாசிரியர் ஐயமுள்ள எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போட்டிருப்பார், சிதைந்த இடத்தில் புள்ளிகள் வைத்திருப்பார். உங்கள் கட்டுரையில் அந்தப் பகுதியை எடுத்தாளும்போது அடைப்பையும் புள்ளிகளையும் அழித்துவிடாதீர்கள். அவை அழகைக் கெடுக்கின்றன என்று நினைப்பவர்கள், கல் உடைந்திருக்கிறது என்ற செய்தியையே வாசகரிடமிருந்து மறைத்துவிடுகிறார்கள்.

படங்களுக்கும் இதே கவனம் வேண்டும். 'பொன்னியின் செல்வன்' தொடருக்கு மணியம் வரைந்த முகங்கள் தமிழர் மனத்தில் அப்படியே தங்கிவிட்டன. ஒரு கதைப் படத்தைக் கட்டுரையோடு சேர்த்தால், கீழே ஓவியரின் பெயரையும் அது கதைக்காக வரைந்தது என்பதையும் போடுங்கள்.

தவறு தெரிந்தபோது

தவறு வரும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கோயில் குருக்கள், ஊர்க்காரர், பல்கலைக்கழக மாணவி என்று யாரோ ஒருவர் கடிதம் எழுதுவார். முதலில் நன்றி சொல்லுங்கள். பிறகு சான்றைக் கேளுங்கள், சரிபாருங்கள். அவர் சொன்னது சரியென்றால் அடுத்த கட்டுரையின் முதல் பத்தியிலேயே திருத்தத்தைப் போடுங்கள், கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போடாதீர்கள். நூலாகத் தொகுக்கும்போது பழைய வாக்கியத்தைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டுப் போகாமல், முன்பு என்ன எழுதினேன், எதனால் மாற்றினேன் என்று இரண்டு வரி சேருங்கள். நாவலில் அந்தத் தவறு இருந்தால் அடுத்த பதிப்பில் திருத்தலாம். கதை அதன்மேல் நின்றால் விட்டுவிடலாம். விட்டுவிட்டதைக் கட்டுரையில் சொல்லிவிட வேண்டும்.

இந்த வாரத்துக்கான பயிற்சி

நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் நாவலிலிருந்து உண்மையில் வாழ்ந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அரசர் வேண்டாம். கோயிலுக்கு விளக்கு வைத்தவர், ஏரி வெட்டியவர், கோயில் பணியில் இருந்த தளிச்சேரிப் பெண்களில் ஒருவர் என்று ஒரே ஒரு கல்வெட்டில் பெயர் வரும் யாராவது. தஞ்சைப் பெரிய கோயிலில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும், அவர்கள் எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தார்கள் என்பதும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு தரப்பட்டது என்பதும் வெட்டப்பட்டிருக்கின்றன. அங்கிருந்தும் ஒருவரை எடுக்கலாம். நோட்டை விரித்து இடப்பக்கத்தை நிரப்புங்கள். பிறகு இல்லாதவற்றை எழுதுங்கள். வலப்பக்கத்தை இன்று தொட வேண்டாம். அவருடைய ஊருக்கு ஒரு நடை போய்வாருங்கள். வந்தபின் எண்ணூறு சொல்லில், அவரைக் கதையில் கொண்டுவராமல், அவரைப் பற்றி உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். எழுதியதை நாவலே படிக்காத ஒருவரிடம் கொடுங்கள். அவர் எந்த இடத்தில் நிறுத்தி, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கிறாரோ, அந்த இடத்தை வலப்பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை நாவலை அங்கிருந்து தொடரலாம்.